அவசரம் என்றால் யாரை அழைப்பது

அத்தியாயம் 14

வலது கையை உயர்த்துகிறேன். இடது கையை வைக்கப் புனித நூல் எதுவும் பக்கத்தில் இல்லாததால் ஒரு டோனட் பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். இந்த வாரம் நான் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சென்ற பதின்மூன்று வாரங்களும் அப்படித்தான்.

ஆறாவது வாரத்தில், ரோண்டா முறைத்த முறைப்பில் பக்கத்துப் பண்ணையில் எழுபது மாடுகளின் பால் மடியிலேயே தயிராகிவிட்டது என்று எழுதியிருந்தேன். சிலர் சந்தேகப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு திருத்தம். மாடுகள் அறுபத்தெட்டு. இரண்டு அன்றைக்கு மேய்ச்சலுக்குப் போயிருந்தன.

ரோண்டா என் அக்கா மகள். அவளுடைய மகள் டெஸ்ஸா, வயது பதினாறு; அம்மாவைப் பார்த்து அவளும் என்னை மாமா என்றே கூப்பிடுவாள். ரோண்டாவின் புதுக் கணவன் கேரிக்கு நெவாடாவில் சுரங்க வேலை கிடைத்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை வீட்டுச் சாமான் லாரியில் ஏறுகிறது. ‘நான் இங்கேயே பள்ளியை முடித்துக்கொள்கிறேன்’ என்று டெஸ்ஸா சொல்லிவிட்டாள். ஏப்ரல் மாதமே ஒரு பெட்டியும் ஒரு தலையணையும் எடுத்துக்கொண்டு, நாலு தெரு தள்ளி டோனட் கடை வைத்திருக்கும் மாலியின் வீட்டுப் பின்னறைக்கு வாடகைக்குப் போய்விட்டாள். அந்தக் கடையிலேயே வேலை.

எங்கள் கலிபோர்னியாவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பதினான்கு வயது தாண்டிய பிள்ளை தனியாக இருந்து தன் சம்பளத்தில் தன்னைப் பார்த்துக்கொண்டால், ‘இனி எனக்கு நானே பெரியவள்’ என்று நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிபதி ஒப்புக்கொண்டால் அதன்பிறகு அவள் கையெழுத்து அவளுடையது. ஆனால் பெற்றவள் எழுந்து நின்று ‘மாட்டேன்’ என்றால் எல்லாம் சிக்கல்.

மனுவின் நகலைப் பெற்றவளின் கையில் யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கிற ஆள் பதினெட்டு வயது தாண்டியவராக, வழக்கில் சம்பந்தப்படாதவராக இருக்க வேண்டும். நான் முதல் தகுதியை நன்றாகவே தாண்டியிருந்தேன். டெஸ்ஸா என்னைக் கேட்டாள். பன்னிரண்டு டோனட் அடுக்கிய இளஞ்சிவப்புப் பெட்டியின் அடியில் காகிதத்தை வைத்து ரோண்டாவிடம் கொடுத்தேன். நாலாவது டோனட்டைத் தின்று முடித்த பிறகுதான் அவளுக்குக் காகிதம் தெரிந்தது. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் பேசியதை அச்சில் போடப் பத்திரிகை ஆசிரியர் சம்மதிக்கவில்லை.

இப்போது வியாழக்கிழமை. விசாரணை மதியம் ஒன்றரைக்கு.

காலை ஒன்பது மணிக்கு மாலியின் கடையில் என் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். கடையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் துண்டு போட்டு மாலி பொரிக்கும் ஒரு பெரிய டோனட் உண்டு. 2009-இல் என் வண்டிக்கு ஸ்டெப்னி இல்லாமல் அதைத்தான் மாட்டிக்கொண்டு ஃப்ரெஸ்னோ வரைக்கும் போனேன். திரும்பி வரும்போது கொஞ்சம் தேய்ந்திருந்தது. கழற்றித் தின்றுவிட்டேன்.

கதவு மணி அடித்தது. ரோண்டா உள்ளே வந்தாள். மகள் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாலு மாதத்தில் அவள் இந்த வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. நீதிமன்றத்துக்காக நீலச் சட்டை போட்டு, காதில் முத்துத் தோடு போட்டிருந்தாள். அந்தத் தோட்டைக் கடைசியாக அவள் கல்யாணத்தில் பார்த்தது. முதல் கல்யாணத்தில்.

“என்ன மாமா, இங்கயே குடியா?”

“காபி குடிக்க வந்தேம்மா.”

“இருபது வருஷமா ஒரே காபியா?”

“சூடு ஆறட்டும்னு வெச்சிருக்கேன்.”

அவள் என்னை விட்டுவிட்டு மாலி பக்கம் திரும்பினாள். மாலிக்கு அறுபது வயது. கம்போடியாவிலிருந்து இருபது வயதில் இங்கே வந்தவள். குட்டையான உருவம். கோபம் வந்தால் குரல் இறங்கும், உயராது.

“வாங்க. என்ன தரட்டும்?” என்றாள் மாலி.

“எம் பொண்ணு எங்க?”

“உள்ள பாகு பூசிக்கிட்டிருக்கு.”

ரோண்டா கண்ணாடி அலமாரிக்குள் குனிந்து பார்த்தாள். “இதுல எது அவ போட்டது?”

“மேல ரெண்டு தட்டும் அது போட்டதுதான். நல்லா வருது அதுக்கு. நான் போடறதவிட வரிசையா வருது.”

“மேல ரெண்டு தட்டையும் கட்டுங்க.”

“எத்தன?”

“எல்லாத்தையும். எம் பொண்ணு கையால செஞ்சத கண்டவன் எல்லாம் எதுக்குத் திங்கணும்?”

கண்டவன் என்று சொல்லும்போது ஏன் என் பக்கம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் தட்டில் இருந்தது கீழ்த் தட்டுச் சரக்கு.

மாலி நாற்பத்தெட்டு டோனட்டையும் நாலு பெட்டியில் அடுக்கினாள். அந்த நேரத்தில் டெஸ்ஸா முழங்கை வரை மாவோடு உள்ளிருந்து வந்தாள்.

“மிங், பாகு கெட்டியாயிடுச்சு, கொஞ்சம் தண்ணி...” என்றவள் அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டாள். “ரோண்டா.”

“மிங்னா என்ன?” என்றாள் ரோண்டா.

“எங்க மொழில சின்னம்மான்னு அர்த்தம்” என்றாள் மாலி.

“ஓகோ. இவங்க சின்னம்மா. நான் ரோண்டா.”

“மனுவுல பேர் போட்டுத்தான எழுதணும்” என்றாள் டெஸ்ஸா. “ஒன்பது பக்கம் எழுதுனேன். அப்படியே பழகிருச்சு.”

“முடிய யார் வெட்டுனா?”

டெஸ்ஸா கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “மிங்.”

“பதினாறு வருஷமா நான் வெட்டுன முடி அது.”

“கோணலா இருந்துச்சாம். மாமா சொன்னாரு.”

ரோண்டா என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் சுவரில் இருந்த நாட்காட்டியில் ஆகஸ்ட் மாதம் தானாகக் கிழிந்து விழுந்தது. நான் கோணல் என்று சொல்லவே இல்லை. ஒரு பக்கம் மழைத் தண்ணீர் நன்றாக வடியும் என்றுதான் சொன்னேன்.

அப்போதுதான் ரோண்டாவின் கண் குளிர்பெட்டிக் கதவில் போய் நின்றது. அங்கே காந்தத்தில் ஓர் அட்டை தொங்கியது. ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாப் பள்ளியிலும் கொடுப்பார்களே, அந்த அவசர அட்டை. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யாரை அழைக்க வேண்டும், அவர் என்ன உறவு, போன் எண் என்ன. பெற்றவள் நிரப்பிக் கையெழுத்துப் போடுவது. மழலைப் பள்ளியில் தொடங்கிப் பதினோரு வருடம் ரோண்டாதான் நிரப்பினாள். இந்த வருடம் டெஸ்ஸா தானே நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள், சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு.

ரோண்டா கிட்டப் போய்ப் படித்தாள்.

அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: டெஸ்ஸா. உறவு: நானேதான். போன்: அவளுடைய போன்.

தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தனக்கே போன் பண்ணச் சொல்லி எழுதியிருந்தாள். வாடகை ஒப்பந்தம், வங்கிப் படிவம், வேலைப் படிவம் என்று நாலு மாதமாக எல்லாக் கோட்டிலும் தன் பெயரையே எழுதி வந்தவள், அந்த வேகத்தில் இதிலும் எழுதிவிட்டாள். கீழே பள்ளி அலுவலகத்தில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள். ‘உன்னைத் தவிர வேறு ஒருவர். வியாழக்கிழமை மூன்றரை மணிக்குள்.’

ரோண்டா சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

“இப்ப யார் பேர எழுதப்போற?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“முடிவு பண்ணலையா, சொல்லலையா?”

மாலி ஒரு துணியை எடுத்துக் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒரே இடத்தைப் பதினோரு தடவை துடைத்தாள். நான் எண்ணினேன்.

“இவங்க பேரா?” என்றாள் ரோண்டா.

டெஸ்ஸா கையிலிருந்த மாவைத் தட்டினாள்.

“இங்க பாரு டெஸ்ஸா. நீ தனியா இருக்க எனக்குச் சம்மதம். கேரிகிட்டயும் பேசிச் சரிபண்ணிட்டேன். ஆனா அந்த அட்டைல இவங்க பேர் ஏறுச்சுன்னா, ஒண்ணரைக்கு ஜட்ஜம்மா என்னக் கேக்கறப்ப மாட்டேன்னுதான் சொல்லுவேன். சனிக்கிழம லாரில சோபா, கட்டிலு, நீ, மூணும் ஏறணும்.”

“இது மிரட்டல்.”

“ஆமா. மிரட்டல்தான்.”

“உனக்குப் பொறாம.”

“எனக்கா? டோனட் கடைக்காரி மேலயா?” ரோண்டா நாலு பெட்டியையும் தூக்கினாள். முகவாய்க்கும் மேலே போயிற்று அடுக்கு. பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. “மாமா, கதவத் திறங்க. நீங்க எங்கூட வர்றீங்க. இதப் பிடிச்சிக்க ஆள் வேணும்.”

இப்படித்தான் என் இருபது வருடக் காபி ஆறாமலேயே நின்றுபோனது.

பாதாம் உலுக்குகிற மாதம் இது. இயந்திரம் மரத்தின் இடுப்பைப் பிடித்து உலுக்க, ஊர் முழுக்கப் புழுதி. போன வருடப் புழுதியில் என் நாய் வழி தெரியாமல் எதிர்வீட்டுக்குள் போய்விட்டது, எதிர்வீட்டு நாய் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. எட்டு மாதம் கழித்துத்தான் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. இதை வண்டியில் போகும்போது ரோண்டாவுக்கு ஆறுதலாகச் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

“மாமா, அவ போறது எனக்கு வலிக்கல.”

“சரி.”

“தூரமா போயிருந்தா வலிச்சிருக்காது. நாலு தெரு தள்ளிப் போயிருக்கா. தினம் அந்தப் பக்கமாத்தான் நான் வேலைக்குப் போறேன். சன்னல் வழியாத் தெரியுது. ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டு நிக்கறாங்க. என்ன சிரிப்புன்னு எனக்குத் தெரியாது.”

“பெரும்பாலும் என்னப் பத்தித்தான்.”

“நேத்து போன் போட்டேன். என்ன சாப்ட்டன்னு கேட்டேன். கஞ்சின்னு சொன்னா. அரிசிக் கஞ்சி, அதுல மீனாம். நம்ம வீட்ல மீன் வாடை அடிச்சாலே மூக்கப் பொத்திக்கிட்டு மாடிக்குப் போனவ.” ஹாரனை ஒரு காரணமும் இல்லாமல் அடித்தாள். “நீங்களும் அங்கதான் தினம் போறீங்க.”

“காபிக்கு.”

“எங்க வீட்லயும் காபி இருக்கு.”

“அத நான் குடிச்சிருக்கேம்மா.”

முன்னால் போன டிராக்டரை முந்தினாள். பிறகு சொன்னாள்.

“நான் பதினேழுல சன்னல் ஏறிக் குதிச்சுப் போனேன். ஞாபகம் இருக்கா?”

எப்படி மறக்கும். அவள் போன வேகத்தில் சன்னலும் கூடவே போய்விட்டது. என் அக்கா வீட்டில் அந்த இடத்தில் இன்றைக்கும் பலகைதான் அடித்திருக்கிறது.

“எனக்கு யாரும் காகிதம் குடுக்கல மாமா. ஜட்ஜு இல்ல, முத்திரை இல்ல, பின்னறை இல்ல. ‘நீ பெரியவளாயிட்ட, போயிட்டு வா’ன்னு ஒரு ஆளு சொல்லல. பேக்கர்ஸ்ஃபீல்டு பஸ் நிலையத்துல மூணு நாள் சாக்லேட்டத் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தேன். இவ ஒன்பது பக்கம் அழகா எழுதிக் குடுக்கறா, ஊரே பாராட்டுது. எனக்கு அவளப் பாத்தா என்ன தோணுது தெரியுமா?”

“பெருமையா இருக்கா?”

“பத்திக்கிட்டு வருது.”

முத்துத் தோட்டைச் சரிசெய்துகொண்டாள். நான் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தேன். கையில் தட்டினாள். “அது எம் பொண்ணு செஞ்சது.”

மதியம் வரை ஊரையே சுற்றிவிட்டு நீதிமன்றம் போனோம். வாசலில் காவலர் நாலு பெட்டியையும் இயந்திரத்தில் விட்டுப் பார்த்தார். திரையில் நாற்பத்தெட்டு வளையம் வரிசையாக ஓடியது. பதிமூன்று வருடச் சேவையில் இவ்வளவு ஒழுங்கான காட்சியைப் பார்த்ததில்லை என்று தொப்பியைக் கழற்றினார். மாலியும் டெஸ்ஸாவும் எங்களுக்கு முன்பே வந்து தாழ்வாரத்தில் நின்றார்கள். டெஸ்ஸா வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். கடையில் ஏப்ரன் போட்ட இடத்தில் மட்டும் மாவு இல்லை.

மாலி குனிந்து அவள் காலரைச் சரிசெய்தாள். உடனே ரோண்டா வந்து அதே காலரை மறுபடி சரிசெய்தாள். மாலி மறுபடி. டெஸ்ஸா காலரைக் கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நீதிபதி பெல்டன் அம்மையாருக்கு எழுபது வயதிருக்கும். மூக்கின் நுனியில் கண்ணாடி. மூன்றாம் வரிசையில் நான், எனக்குப் பக்கத்தில் மாலி. முன்னால் இடது பக்கம் டெஸ்ஸா, வலது பக்கம் ரோண்டா. எல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

“வேல ஒழுங்காப் போறியா?” என்றார் நீதிபதி.

“போறேங்க. இதுவரைக்கும் லீவே எடுக்கல.”

“பள்ளிக்கூடம்?”

“போறேங்க. கணக்குல மட்டும் கொஞ்சம் இழுக்குது.”

“எனக்கும் இழுத்துச்சு. காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவ?”

“மாத்திரை போடுவேன்.”

“கொறையலன்னா?”

“ரெண்டு மாத்திரை.”

நீதிபதி காகிதங்களைப் புரட்டினார். டெஸ்ஸா ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் இணைத்திருந்தாள். பல் மருத்துவர் சீட்டு வரைக்கும். அதில் அந்த அட்டையின் நகலும் இருந்தது.

“இது என்ன? உனக்கு ஏதாச்சும் ஆனா உனக்கே போன் போடணும்னு எழுதியிருக்க.”

“அப்ப அது சரியாப் பட்டுச்சுங்க.”

“நீ மயங்கிக் கெடக்கற. உம் போனு அடிக்குது. யார் எடுக்கறது?”

டெஸ்ஸா கொஞ்சம் யோசித்தாள். “அத நான் யோசிக்கல.”

“இப்ப யோசி. அவசரமில்ல. ரெண்டு மணி வரைக்கும் எனக்கு வேற வேலை இல்ல.”

அறையில் அப்படி ஓர் அமைதி. சுவரில் கடிகார முள் நகர வெட்கப்பட்டு அப்படியே நின்றது. ஓரத்தில் நட்டிருந்த தேசியக் கொடி, காற்றே இல்லாமல், காது கொடுப்பதுபோல ஒரு பக்கம் சாய்ந்தது. ரோண்டா நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் மரத்தில் அவளுடைய ஐந்து விரலும் பதிந்தன. போய்ப் பார்க்கலாம், இன்னும் இருக்கிறது.

“அடுப்புல கை சுட்டுக்கிட்டா மிங்குக்குப் போன் போடணும்” என்றாள் டெஸ்ஸா. “பக்கத்துலயே இருப்பாங்க. கத்த மாட்டாங்க. தண்ணிய ஊத்திட்டு வேலையப் பாருன்னு சொல்லுவாங்க.”

மாலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரோண்டாவின் கழுத்து சிவந்தது. மாட்டேன் என்கிற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்து நின்றதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன்.

“அது சின்னது” என்றார் நீதிபதி. “பெருசா ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“பெருசா ஆச்சுன்னா...” டெஸ்ஸா தரையைப் பார்த்தாள். “பெருசா ஆச்சுன்னா அம்மாவுக்கு. கத்துவாங்க. போன எடுத்த உடனே கத்த ஆரம்பிப்பாங்க. கத்திக்கிட்டே வண்டி எடுப்பாங்க. நெவாடாவுலேர்ந்து எட்டு மணி நேரம். அவங்க ஆறுல வந்துருவாங்க.”

ஏப்ரலுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அம்மா என்று வந்தது அப்போதுதான்.

நீதிபதி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு ரோண்டா பக்கம் திரும்பினார். “உங்களுக்கு ஏதாச்சும் எதிர்ப்பு உண்டா?”

ரோண்டா எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள்.

“அஞ்சரை.”

“என்னம்மா?”

“ஆறுன்னு சொல்றா. நான் அஞ்சரை மணி நேரத்துல வந்துருவேன்.”

“வண்டி வேகத்தப் பத்தி இந்த மன்றத்துல எதுவும் சொல்லாதீங்க. எதிர்ப்பு உண்டா, இல்லையா?”

“இல்ல.”

நீதிபதி கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்த சத்தத்தில் பாதித் தாலுகாவில் பாதாம் தானாக உதிர்ந்தது. அன்றைக்கு உலுக்குகிற ஆட்களுக்கு அரை நாள் வேலை மிச்சம்.

எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பக்கத்தில் மாலியின் குரல் இறங்கியிருந்தது.

“கை சுட்டா மட்டும் நானா?” என்றாள் மெதுவாக. “நாலு மாசம் கஞ்சி வெச்சிக் குடுத்திருக்கேன். ஜூன்ல காய்ச்சல் வந்தப்ப ரெண்டு நாள் கடைய மூடினேன். இருபது வருஷத்துல நான் கடைய நாள் முழுக்க மூடினது அந்த ரெண்டு நாளுதான். சின்னதுக்கெல்லாம் நான். பெருசுக்கு அவங்களா?”

“பெருசு எதுவும் வராம இருக்கலாம்” என்றேன்.

“வரக்கூடாதுதான்.” கைப்பையின் வாயை மூடினாள். “வந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும். நான்தான் பக்கத்துல இருக்கேன்.”

வாகனம் நிறுத்துமிடத்தில் வெயில் கொளுத்தியது. ரோண்டா தன் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். இருபதடி தள்ளி மாலி தன் வேனின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவில் டெஸ்ஸா. ஒரு கையில் முத்திரை போட்ட உத்தரவு, மறு கையில் பள்ளி அட்டை. சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு காலியாக இருந்தது. மணி இரண்டு இருபது.

“ஏறு. பள்ளிக்கூடத்துல நான் விடறேன்” என்றாள் ரோண்டா. “சனிக்கிழமைக்கு அப்புறம் நானா வரப்போறேன்?”

“நாலு மணிக்கு அதுக்கு வேல இருக்கு” என்றாள் மாலி. “எனக்கு வழிதான்.”

“உங்களுக்குப் பள்ளிக்கூடம் எதிர்த்திசை.”

“சுத்திப் போவேன்.”

டெஸ்ஸா இரண்டு கதவையும் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். “மாமா, கொஞ்சம் குனிங்க.”

“எதுக்கு?”

“எழுதறதுக்கு மேஜ இல்ல.”

நாலு பெட்டியையும் பிடித்தபடி குனிந்தேன். என் முதுகில் அட்டையை வைத்தாள். பேனா நகர்ந்தது, நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பேனா முனை என் முதுகெலும்பில் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. பிறகு வேகமாக எழுதி முடித்தாள். உறைக்குள் போட்டு, நாக்கால் நனைத்து ஒட்டினாள். மேலே இருந்த பெட்டியைத் திறந்து ஒரு டோனட் எடுத்துக் கடித்தாள்.

“இன்னிக்கி நல்லா வந்திருக்கு” என்றாள்.

தெருமுனையில் பேருந்து வந்து நின்றது. டெஸ்ஸா இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிப்போய் ஏறினாள். உட்கார்ந்த பிறகு சன்னல் வழியாகக் கையை அசைத்தாள். யாருக்கு என்று சொல்லும்படியாக அந்தக் கை இல்லை. பொதுவாக அசைந்தது.

பேருந்து போய் வெகு நேரம் இரண்டு கதவும் திறந்தே இருந்தன.

“மாமா” என்றாள் ரோண்டா. “என்ன எழுதுனா?”

“என் முதுகுக்குக் கண்ணு இல்லம்மா.”

“ஒணர்ந்திருப்பீங்க இல்ல? ஒரு பேரா, ரெண்டு பேரா?” என்றாள் மாலி.

“மொதல்ல யாரு பேரு?” என்றாள் ரோண்டா.

இரண்டு பேரும் எனக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். ஒருத்தி என் இடது தோளில் இருந்த புழுதியைத் தட்டினாள். மற்றவள் வலது தோளில் தட்டினாள். என் வாழ்நாளில் இந்த இரண்டு பேரும் என் மேல் இவ்வளவு அக்கறை காட்டி நான் பார்த்ததில்லை.

“நீங்க எந்த வண்டில வர்றீங்க?” என்றாள் ரோண்டா.

“காலைல குடிச்ச காபி எங் கடையிலதான் பாதில இருக்கு” என்றாள் மாலி.

நான் பேருந்து நிறுத்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஒரு டோனட்டை எடுத்தேன். இந்தத் தடவை யாரும் கையில் தட்டவில்லை.

சத்தியம் செய்திருப்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வழக்கு நடக்கும் அந்த அறைக்குள் வெளியாட்களை விடுவதில்லை. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு பத்து வரைக்கும் நானும் மாலியும் நாலு டோனட் பெட்டிகளும் தாழ்வாரத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தோம், கதவு மூடியிருந்தது.